துகளின் அளவும் ஒளியின் நிறமும்

தொல்காப்பியர் பண்புத்தொகையின் இலக்கணம் கூறுமிடத்து, வண்ணத்தையும் அளவையும் வெவ்வேறு பண்புகளாகவே வைத்து எண்ணினார். உலக வழக்கும் அதுவே. பவளம் சிறிதாயினும் பெரிதாயினும் அதன் செம்மை மாறுவதில்லை. மஞ்சட்கிழங்கைத் துண்டாக நறுக்கினும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது. நிறம் பொருளைப் பற்றியது. அளவு நிறத்தோடு தொடர்பற்றது. இந்நம்பிக்கை நெடுங்காலம் அறிவியலாரிடத்தும் பெரும்பாலும் ஐயமின்றி நிலவிற்று. இதனை அசைத்த பொருள்களுள் தலையாயவை குறைகடத்திகளால் ஆன மிகச் சிறிய படிகங்கள். காட்மியம் செலினைடு என்னும் ஒரே பொருள், 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும், 2 நானோமீட்டர் அளவில் நீலமாகவும் ஒளிர்கின்றது. பொருள் மாறவில்லை, உள்ளிருக்கும் அணுக்களின் அடுக்குமுறையும் மாறவில்லை, மாறியது அளவொன்றே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இத்துகள்களின் பொருட்டு அலெக்சி எகிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன்பின் இவ்வரலாறு பலராலும் சுருக்கி எழுதப்பட்டது. எகிமோவ் கண்ணாடியிற் கண்டார், புரூஸ் நீர்மத்திற் கண்டார், பவெண்டி செம்மையாகச் செய்து காட்டினார் என்னும் அளவில் அச்சுருக்கம் அமையும். பிழையென்று இதனைத் தள்ள இயலாது. ஆயினும் இதனைப் படிப்போர், அளவுக்கேற்ப ஒளிரும் நிறம் மாறும் உண்மையை 1981ஆம் ஆண்டிலேயே கண்ணாற் கண்டுவிட்டனர் என எண்ண இடமுண்டு. மூலக் கட்டுரைகளை ஆண்டு முறைப்படி அடுக்கிப் பார்ப்பின் செய்தி வேறாகத் தோன்றுகிறது. முதலிற் காணப்பட்டது ஒளியை உறிஞ்சும் திறத்தில் நேர்ந்த மாற்றமே. ஒளியை உமிழும் திறம் அளவின் ஆணைக்கு அடங்குதற்கு மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட அக்காலத்தில் நிகழ்ந்தது யாது, அதில் உழைத்தோர் யாவர் என்பதே எம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

புகுமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். இத்துகள்களைக் குவாண்டம் புள்ளிகள் என்பர். அப்பெயரை, 1988ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்ட மார்க் ரீட் என்பாருக்கு உரிமையாக்குவது வழக்கம். ஏடு போன்ற மெல்லிய படலத்தில் எலெக்ட்ரான் இரு திசையில் உலவும். கம்பியில் ஒரு திசையில் உலவும். எல்லாத் திசையும் அடைபட்ட இடத்தில் எத்திசையிலும் உலவ இயலாது. ஆகவே ஏடு, கம்பி, புள்ளி என்ற வரிசை அமைந்தது. இயற்பியலார்க்கு இது பொருந்தும் பெயரே. ஆனால், வடிவ கணிதத்திற் புள்ளி என்பது இடமுடையது, அளவற்றது. அளவே உயிராகிய ஒரு பொருளை அளவற்றதன் பெயரால் அழைத்தல் எமக்கு இடர்ப்பாடாகத் தோன்றுகிறது. மணி என்னும் நம் சொல்லோ கூலத்தின் சிறு வித்தையும் குறிக்கும், ஒளிவிடும் கல்லையும் குறிக்கும். ஆதலின் இக்கட்டுரையில் நுண்மணி என்றே வழங்குகின்றோம். எவரும் இதனைக் கலைச்சொல்லாக ஏற்க வேண்டுமென்பது எம் கருத்தன்று.

இனி, அளவு நிறத்தை ஆளுதல் எங்ஙனம் எனக் காண்போம். குறைகடத்தியில் எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் ஆற்றற்பட்டை ஒன்று கீழேயும், வெறுமையான ஆற்றற்பட்டை ஒன்று மேலேயும் உள்ளன. இரண்டிற்கும் இடையே எலெக்ட்ரான் தங்கவியலாத இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைத் தாண்டப் போதிய ஆற்றலுடைய ஒளி வந்து படின், ஓர் எலெக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுச்சென்ற வெற்றிடம் துளை எனப்படும். இஃது உறிஞ்சல். தாவிய எலெக்ட்ரான் மீண்டு அத்துளையை நிரப்புங்கால் இடைவெளியின் ஆற்றலை ஒளியாக விடுமாயின் அஃது உமிழ்தல். இடைவெளி அகன்றதாயின் நீலமும், குறுகியதாயின் சிவப்பும் தோன்றும்.

எலெக்ட்ரானுக்கு அலையின் இயல்பும் உண்டு. பெரிய படிகத்தில் அவ்வலைக்கு எல்லை ஒரு பொருட்டன்று. படிகம் சில நானோமீட்டர் அளவிற்குச் சுருங்கியவிடத்து அலை அதற்குள் ஒடுங்கி அமைய வேண்டியதாகிறது. ஒடுங்கிய அலையின் ஆற்றல் உயரும். எனவே இடைவெளி அகலும். யாழின் குறுகிய நரம்பு உயர்ந்த சுரத்தை எழுப்புதலை இதற்கு ஒப்புக் கூறலாம். ஆனால் உவமையை முற்றும் நம்புதல் கூடாது. நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்காகும். நுண்மணியின் ஆரம் பாதியானாலோ ஒடுக்கத்தால் வரும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒடுக்கத்தின் விளைவு நரம்பினும் மிகக் கடுமையானது என்பதை உவமை மறைத்துவிடுகிறது.

சிறுமை பொருளின் பண்பை மாற்றக்கூடும் என்னும் எண்ணம் 1937ஆம் ஆண்டிலேயே ஹெர்பர்ட் ஃபுரோலிக் என்பாரால், உலோகத் துகள்களை நோக்கி, கணக்கு வழியாகக் கூறப்பட்டது. அதற்கும் முன், 1857ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே பொற்கூழ்மத்தின் செந்நிறத்தை ஆராய்ந்தார். ஃபாரடேயை இவ்வரலாற்றின் முதல்வராக வைப்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படவில்லை. பொன்துகளின் நிறம் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் கூட்டமாக அலைவதால் எழுவது. ஈண்டுக் கூறிய இடைவெளியின் அகற்சிக்கும் அதற்கும் உறவில்லை. வெளித்தோற்ற ஒப்புமை கொண்டு இரண்டையும் ஒரு குடிப்பிறப்பாகக் கொள்ளுதல், ஒலியொப்புமை கொண்டு சொற்பிறப்பு உரைப்பதை ஒக்கும்.

உண்மையான தொடக்கம் கண்ணாடித் தொழிலிலே உள்ளது. காட்மியம் சல்பைடும் செலினைடும் கலந்த கண்ணாடி, மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகிய வடிகட்டிகளுக்கெனப் பன்னாள் செய்யப்பட்டு வந்தது. சூடாக்கும் வெப்பத்தையும் குளிர்விக்கும் முறையையும் மாற்றினால் ஒரே கலவை வேறு வேறு நிறமெய்தும் என்பதைத் தொழிலோர் அறிந்திருந்தனர். காரணம் தெளிவாகவில்லை. லெனின்கிராடில் வாவிலோவ் அரசு ஒளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய எகிமோவ் இவ்வினாவை 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் எடுத்துக்கொண்டார். அவர் இயற்பியலில், குறைகடத்திகளை ஒளிகொண்டு ஆராயும் முறையிற் பயின்றவர். தொழிலோர் கைப்பழக்கத்தால் அறிந்ததை நிறமாலை கொண்டு அளக்கும் கருவியும் பழக்கமும் அவரிடம் இருந்தன.

அவர் தேர்ந்த பொருள் செம்புக் குளோரைடு. இத்தேர்வு சிறப்பானது என்பது எம் கருத்து. காட்மியம் சல்பைடும் செலினைடும் கலந்தவிடத்து நிறமாற்றம் கலவை விகிதத்தால் வந்ததா அளவால் வந்ததா என்னும் ஐயம் எழும். செம்புக் குளோரைடில் அவ்வையத்திற்கு இடமில்லை. கண்ணாடியை 500 முதல் 700 பாகை வெப்பத்தில், 1 மணி நேரம் தொடங்கி 96 மணி நேரம் வரை வைத்துப் பல மாதிரிகள் செய்தனர். எக்சுக் கதிர்களால் அளந்தபோது உள்ளே தோன்றிய படிகங்கள் ஏறத்தாழ 2 நானோமீட்டர் முதல் 30 நானோமீட்டர் வரை இருந்தன. பெரியவை செம்புக் குளோரைடுக்கு இயல்பான ஒளியை உறிஞ்சின. சிறுகச் சிறுக உறிஞ்சற்கோடு நீலத்தின் பக்கம் நகர்ந்தது. இம்முடிவு 1981ஆம் ஆண்டு எகிமோவும் ஒனுஷ்சென்கோவும் சோவியத் இயற்பியல் இதழொன்றில் வெளியிட்ட சிறு கட்டுரையில் உள்ளது. கட்டுரைக்கு ஆசிரியர் இருவர். சுருக்கங்களில் இரண்டாமவர் பெயர் அருகியே காணப்படுகிறது. அடுத்த ஆண்டிலே எஃப்ரோஸ் என்னும் பெயருடைய இருவர், கோளவடிவக் குறைகடத்தியில் ஒளி உறிஞ்சப்படுதற்குரிய கணிதக் கோட்பாட்டை வகுத்தனர்.

அமெரிக்காவிற் பெல் ஆய்வகத்திலிருந்த புரூஸ் இவற்றை அறியாதிருந்தார். அவர் நாடியதும் வேறு. ஒளியால் வேதிவினை நிகழ்த்தக் கருதிக் காட்மியம் சல்பைடுத் துகள்களை நீரிற் செய்து, அவற்றின் மேற்பரப்பில் நிகழும் வினைகளை ஆராய்ந்தார். துகள் சிறிதாயின் மேற்பரப்பு மிகுமாகலின் சிறு துகளை விரும்பினார். கரைசலை மேசைமேல் வைத்து ஒரு நாள் கழித்து நோக்கியபோது அதன் உறிஞ்சல் மாறியிருந்தது. புதிய துகள்கள் ஏறத்தாழ 4.5 நானோமீட்டரும், வைத்திருந்தவை ஏறத்தாழ 12.5 நானோமீட்டரும் இருந்தன. சிறியவை கரையப் பெரியவை அவற்றை உண்டு வளரும் இயல்பு கூழ்மங்களுக்கு உண்டு. முதிர்ந்தவை காட்மியம் சல்பைடுக்குரிய ஒளியையே உறிஞ்சின. இளையவை நீலத்தின் பக்கம் விலகி நின்றன. மாசு என்றோ பிழை என்றோ கழிக்கக்கூடிய இவ்வேறுபாட்டை அவர் கழிக்கவில்லை. ரொசெட்டி, நகஹாரா ஆகியோருடன் சேர்ந்து 1983ஆம் ஆண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் தந்த சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று கூறுடையது அது: பெரும்படிகத்தின் இடைவெளி; ஆரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் உயரும் ஒடுக்க ஆற்றல்; எலெக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் கழியும் ஆற்றல். ஆரம் குறையக் குறைய இரண்டாவது மூன்றாவதை வென்றுவிடுகிறது. நிறம் நீலத்தை நோக்கி நகர்வதன் காரணம் இதுவே.

முதன்மை எவருக்கு என்னும் வினாவில் நாட்களைக் கொண்டே முடிவு கூறலாம். 1981 முந்தியது, 1983 பிந்தியது, இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. இரும்புத்திரையே செய்தியை மறைத்தது எனச் சிலர் எழுதுவர். அதிற் பாதியே உண்மை. எகிமோவ் எழுதிய இதழ் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு வந்ததாகும். திரையினும் வலிய தடை துறைவேறுபாடு என்பது எம் துணிபு. கண்ணாடியிற் பதிந்த படிகத்தைப் பற்றிய இயற்பியற் கட்டுரையை, நீரிற் கரைசல் செய்யும் வேதியியலார் தேடிப் படிப்பது அரிது. ஒரே பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருப்போரிடையும் இத்தடை உண்டென்பதை இவ்விதழின் வாசகர் நன்கறிவர்.

1984ஆம் ஆண்டளவில், ஆக, விதி கையில் வந்துவிட்டது. ஆனால் அது இடைவெளியின் விதி. உறிஞ்சலில் அதனைச் சரிபார்த்தனர். ஒளிர்தலோ அவ்விதிக்குக் கட்டுப்பட மறுத்தது. அக்காலத்துக் கூழ்மங்களுட் பல மங்கலாகவே ஒளிர்ந்தன. ஒளிர்ந்த ஒளியும் உறிஞ்சற்கோட்டிற்கு நெடுந்தொலைவிற் செம்மைப் பக்கமாக, அகன்று பரந்த பட்டையாகக் காணப்பட்டது. அளவு கூறும் நிறம் ஒன்று. கண்ணுக்குத் தோன்றும் நிறம் மற்றொன்று.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது எளியது. ஒரே கரைசலிற் பல அளவுடைய துகள்கள் கலந்திருந்தால் பல நிறங்களும் கலந்தே வரும். இரண்டாவது ஆழமானது. இரண்டு மூன்று நானோமீட்டர் அளவுள்ள நுண்மணியில் உள்ள அணுக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதனினும் மிகுதியோ மேற்பரப்பில் நிற்பவை. உள்ளிருக்கும் அணுவுக்குச் சுற்றிலும் துணை உண்டு; விளிம்பில் நிற்கும் அணுவுக்கோ ஒரு பக்கம் பிணைப்பின்றி வெறிதாயிருக்கும். அவ்வெறும் பிணைப்புகள், தங்கலாகாத இடைவெளிக்குள்ளே தங்குமிடங்களை உண்டாக்கிவிடுகின்றன. மேலே தாவிய எலெக்ட்ரான் நேரே துளைக்கு மீளாமல் அக்குழிகளில் வீழ்ந்து, ஆற்றலை வெப்பமாகவோ தன் நிறமல்லாத ஒளியாகவோ இழக்கிறது. உறிஞ்சல் துகள் முழுவதன் செயலாதலின் விதி அதில் வெளிப்பட்டது. உமிழ்தல் ஒரு குறையுள்ள அணுவாலும் கெடுமாதலின் விதி அதில் மறைந்தது. இவ்வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் வரலாற்றில் 1984க்கும் 1993க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் வெற்றிடமாகிவிடுகின்றன.

அவை வெற்றிடமல்ல. பெர்லினில் ஆன்-மைட்னர் நிறுவனத்தில் ஆர்னிம் ஹெங்லைனும் அவர் மாணாக்கரும் கூழ்மக் குறைகடத்திகளைப் பற்றி எண்ணிட்ட கட்டுரை வரிசையொன்றை எழுதி வந்தனர். அவ்வரிசையின் இருபதாம் கட்டுரை 1987ஆம் ஆண்டு வெளிவந்தது. ஸ்பான்ஹெல், ஹாசே, வெல்லர், ஹெங்லைன் என்போர் அதன் ஆசிரியர். காட்மியம் சல்பைடுத் துகள்களைக் காரக் கரைசலில் மிகுதியான காட்மியம் அயனிகளோடு சேர்த்தபோது, அவற்றின் மேற்பரப்பில் ஐதராக்சைடு படிந்தது. பரந்த செம்மையொளி ஒடுங்கியது; இடைவெளிக்குரிய ஒளி எழுந்தது. உறிஞ்சிய ஒளித்துகள்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஒளியாகவே மீண்டன. அளவின் ஆணை உமிழ்தலிலும் செல்லும், மேற்பரப்பை அடைத்தால் மட்டுமே செல்லும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அக்காலத்தில் வேண்டுவதில்லை. நோபல் பரிசு ஒன்றினை மூவர்க்கு மேல் பகிரலாகாது என்பது விதி. விதியை நாம் குறை கூறவில்லை. ஆனால் வரலாறு எழுதுவோர்க்கு அவ்விதி இல்லை.

பெல் ஆய்வகத்திற் புரூசிடம் பயின்ற பவெண்டி, 1990ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் சேர்ந்து முதற்காரணமாகிய அளவுக் கலப்பை நீக்க முனைந்தார். 1993ஆம் ஆண்டு தம் மாணாக்கராகிய முர்ரே, நாரிஸ் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது. ஏறத்தாழ 300 பாகைக்குச் சூடாக்கிய ஒரு கரிமக் கரைப்பானில், காட்மியமும் செலினியமும் உடைய கரைசலை ஒருசேரப் பாய்ச்சினர். பாய்ந்த அக்கணமே எண்ணற்ற வித்துகள் ஒருங்கே தோன்றின. கரைசல் பாய்ந்ததால் வெப்பம் சட்டென வீழ்ந்தது. எனவே புதிய வித்துகள் மேற்கொண்டு தோன்றவில்லை. பின்னர் மெல்லச் சூடேற்றத் தோன்றியவை மட்டும் ஒத்து வளர்ந்தன. ஒரே நாளில் விதைத்த பயிர் ஒரே மட்டமாக நிற்பதைப் போல என்க. வித்தெழும் காலத்தையும் வளரும் காலத்தையும் பிரித்தால் துகள்கள் ஒத்த அளவாகும் என்னும் கருத்தை 1950ஆம் ஆண்டில் லாமர் என்பார் கந்தகக் கூழ்மத்தை வைத்துக் கூறியிருந்தார். அக்கருத்து குறைகடத்தியில் ஈண்டுக் கைகூடிற்று. வேண்டிய அளவு வந்தவுடன் எடுத்துக்கொள்ளலாம், 1.2 நானோமீட்டர் முதல் 11.5 நானோமீட்டர் வரை அவர்கள் எடுத்துக் காட்டினர். பின்னரும் பிரித்தெடுத்துத் தூய்மை செய்ய, விட்டத்தின் வேறுபாடு நூற்றுக்கு ஐந்தினும் குறைந்தது.

கரைப்பானின் மூலக்கூறுகளே மணியின் மேற்பரப்பிற் பற்றிக்கொண்டு வெறும் பிணைப்புகளை ஓரளவு மூடின. ஆகவே நிறம் தூயதாயிற்று. ஒளிர்வின் வலிமையோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்களவிலேயே நின்றது. 1996ஆம் ஆண்டில் ஹைன்ஸ், கியோ-சியோனெஸ்ட் இருவரும் காட்மியம் செலினைடு மணியின்மேல் துத்தநாக சல்பைடை ஓடுபோல வளர்த்தனர். ஓட்டின் இடைவெளி உள்மணியின் இடைவெளியினும் அகன்றது. எனவே எலெக்ட்ரானும் துளையும் வெளியே கசியாது உள்ளே அடைபட்டன. பத்தில் ஒன்று பாதியாக உயர்ந்தது. மறு ஆண்டு பவெண்டியின் குழுவினர், 2.3 முதல் 5.5 நானோமீட்டர் வரை உள்ள மணிகளுக்கு அத்தகைய ஓடிட்டு, நீலம் முதற் சிவப்பு ஈறாக ஒளிரும் வரிசையை முழுமையாகத் தந்தனர். அளவுக்கேற்ற நிறம் என்று இன்று நூல்களிற் காட்டப்பெறும் குப்பிகளின் படம் இவ்வுழைப்பின் பயன், 1981இன் பயனன்று.

பயன்பாட்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1998ஆம் ஆண்டில் உயிரணுக்களைக் குறியிட இரு குழுவினர் இவற்றை எடுத்துக்கொண்டனர். 2013 முதல் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நீலவிளக்கின் ஒளியைச் செம்மையும் பசுமையுமாக மாற்றும் பணிக்கு இவை வந்தன. காட்மியம் நஞ்சாதலின் இண்டியம் பாஸ்பைடு மணிகள் அதன் இடத்திற் புகுந்தன. அதிலும் ஓடு இல்லாது ஒளி இல்லை.

மேற்பரப்பின் வலிமையை 1996ஆம் ஆண்டின் மற்றொரு கண்டுபிடிப்பும் காட்டுகிறது. பவெண்டி, புரூஸ் ஆகியோரும் உடன் ஆய்ந்தோரும் தனியொரு நுண்மணியை மட்டும் நுண்ணோக்கியில் இடைவிடாது ஒளியூட்டி நோக்கினர். அஃது ஒரே சீராக ஒளிரவில்லை. சிறிது நேரம் ஒளிர்ந்தது, அணைந்தது, மீண்டும் ஒளிர்ந்தது. மின்மினிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. எண்ணற்ற மணிகள் சேர்ந்த கரைசலில் ஒன்றின் இருளை மற்றொன்றின் ஒளி மூடிவிட்டதால் அதுகாறும் இது தெரியவில்லை. மணியில் மிகையான மின்னூட்டம் தங்கியவிடத்து அடுத்த எலெக்ட்ரானின் ஆற்றல் ஒளியாகாமல் வீணாகிறது என்பது இதற்குக் கூறப்படும் முதன்மை விளக்கம். ஒளிருங்கால் நிறம் அளவுக்குரிய நிறமே. ஒளிராக்கால் அளவு எதுவாயினும் பயனில்லை. 2008ஆம் ஆண்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஒரு குழுவினரும் பாரிசில் மற்றொரு குழுவினரும் மணியின்மேல் மிகத் தடித்த ஓட்டினை வளர்த்து, இவ்விட்டுவிட்டு ஒளிர்தலைப் பெரிதும் அடக்கினர். இம்முறையும் இருவேறு நாடுகளில், ஒரே காலத்திலே, தனித்தனியாகவே அது செய்யப்பட்டது.